நார்த் பிளாக், சவுத் பிளாக்: அருங்காட்சியகம் ஆகும் முன் ஒரு வேண்டுகோள்

மத்தியக் கலாசார அமைச்சகத்துக்கும், மத்தியப் பொதுப்பணித் துறைக்கும், 'யுகே யுகீன் பாரத்' தேசிய அருங்காட்சியகத்தை வடிவமைக்கும் பொறுப்பில் இருப்போருக்கும் ஒரு திறந்த மடல்

பெருமதிப்பிற்குரியீர்,

வணக்கம். டெல்லியின் ரைசினா குன்றின் மேல் எதிரெதிராக நிற்கும் நார்த் பிளாக், சவுத் பிளாக் ஆகிய இரு செயலகக் கட்டடங்களையும் தேசிய அருங்காட்சியகமாக மாற்றும் திட்டத்தை நான் வரவேற்கிறேன். அடையாள அட்டையோ அனுமதிச் சீட்டோ இல்லாத எவரும் கால் வைக்க முடியாத இடமாகப் பல தலைமுறைகள் இருந்துவந்த அந்தத் தாழ்வாரங்களில் இனி பள்ளிப் பிள்ளைகள் நடக்கப்போகிறார்கள் என்பதே மகிழ்ச்சி தரும் செய்தி. அந்த மகிழ்ச்சியோடுதான் ஒரு கவலையையும் உங்கள் முன் வைக்கிறேன். அந்தக் கட்டடங்களுக்குள் எந்தெந்தப் பொருள்களைக் கொண்டுவந்து வைப்பது என்பதைப் பற்றி நிறையப் பேசப்படுகிறது. அந்தக் கட்டடங்களின் அறை அமைப்பே பாதுகாக்கப்பட வேண்டிய ஒரு பொருள் என்பதைப் பற்றிப் பேச்சே எழவில்லை. இந்த நாட்டின் அரசு எப்படி வேலை செய்தது என்பதற்கு அந்த அறைகளின் வரிசையைவிட நேரடியான சான்று வேறில்லை. அந்த வரிசையில் ஒன்றையாவது, தொடக்கம் முதல் முடிவு வரை, அலுவலகமாகவே விட்டுவையுங்கள் என்று கேட்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

நான் மத்தியச் செயலகப் பணியில் இருந்து ஓய்வுபெற்றவன். கட்டடக் கலைஞன் அல்லன். ஆனால் ஒரு கட்டடத்தில் வேலை செய்தவனுக்கு அதன் வரைபடம் காலில் பதிந்திருக்கும். எந்த அறையிலிருந்து எந்த அறைக்கு எதற்காகப் போனோம் என்பது வரைபடத்தில் இராது, போனவர்களுக்குத்தான் தெரியும். அந்த உரிமையில் பேசுகிறேன்.

முதலில் இந்த இடத்தின் கதையைச் சற்றே நினைவுபடுத்த வேண்டும். 1911 டிசம்பரில் டெல்லி தர்பாரில் தலைநகரம் கல்கத்தாவிலிருந்து டெல்லிக்கு மாறும் என்று ஐந்தாம் ஜார்ஜ் அறிவித்த பிறகு, புதிய நகரத்தின் முக்கியக் கட்டடங்கள் இரண்டு ஆங்கிலேயக் கட்டடக் கலைஞர்களிடம் ஒப்படைக்கப்பட்டன. வைசிராய் மாளிகையை, அதாவது இன்றைய குடியரசுத் தலைவர் மாளிகையை, எட்வின் லட்யன்ஸ் வடிவமைத்தார். செயலகக் கட்டடங்கள் இரண்டும் ஹெர்பர்ட் பேக்கரின் பொறுப்பாயின. பேக்கர் அதற்கு முன்பே தென்னாப்பிரிக்காவின் பிரிட்டோரியாவில் ஒரு குன்றின் மேல் அரசின் தலைமை அலுவலகக் கட்டடத்தைக் கட்டிய அனுபவம் உள்ளவர். குன்றின் உச்சியில் வைசிராய் மட்டும் அமர்ந்திருக்க, அலுவலகங்கள் கீழே இருப்பது சரியல்ல, செயலகமும் அதே உயரத்தில் இருக்க வேண்டும் என்று அவர் வாதிட்டார். லட்யன்ஸ் முதலில் இசைந்தார். செயலகத்துக்கு உச்சியில் இடம் விட்டதால் வைசிராய் மாளிகை மேற்கே தள்ளிப் போயிற்று. அதன் விளைவாக, இன்றைய விஜய் சௌக்கிலிருந்து குன்றின் மேல் ஏறும் சாலையில் மாளிகையின் முகப்பு மறைந்துபோகிறது. பாதி வழியில் குவிமாடம் மட்டும் தெரிகிறது. மேலே ஏறிய பிறகுதான் முழு மாளிகையும் கண்ணுக்கு வருகிறது. சாலையின் சரிவைக் குறைக்கச் சொல்லி லட்யன்ஸ் பல ஆண்டுகள் போராடியும் பலனில்லை. இரு நண்பர்களின் உறவும் அதில் முறிந்தது.

கட்டடக் கலை நூல்கள் இதை இரு கலைஞர்களின் சண்டையாகவே சொல்லிச் செல்கின்றன. அரசு ஊழியனாக இருந்த எனக்கு இதில் வேறொன்று தெரிகிறது. ஆட்சியாளரின் வீட்டுக்கு இணையான உயரத்தில் அலுவலகத்தை ஏற்றி வைத்த முடிவு அது. அந்தப் பேரரசு ஆளுநரால் மட்டும் நடக்கவில்லை, கோப்புகளாலும் குறிப்புகளாலும் நடந்தது என்பதைக் கல்லில் ஒப்புக்கொண்ட முடிவு. 1947 ஆகஸ்டுக்குப் பிறகு வைசிராய் போனார், அலுவலகம் தங்கியது. அதே மேசைகளில், பெரும்பாலும் அதே நடைமுறைகளில், ஒரு குடியரசின் நிர்வாகம் தொடங்கியது. இந்தத் தொடர்ச்சியைச் சொல்லக்கூடிய அருங்காட்சியகம் இந்தியாவில் இதுவரை இல்லை.

இனி அமைப்பைப் பற்றிச் சொல்கிறேன். வெளியிலிருந்து பார்ப்பவருக்குத் தெரிவது சிவப்பு மணற்கல் அடித்தளமும், அதன் மேல் வெளிர்மஞ்சள் மணற்கல் சுவர்களும், நடுவில் குவிமாடமும், ஓரங்களில் சத்ரிகள் எனப்படும் சிறு குடை மண்டபங்களும்தான். உள்ளே வேலை செய்தவர்களுக்கு அந்தக் கட்டடம் வெயிலுக்கு எதிரான ஓர் ஏற்பாடு. சுவரிலிருந்து வெகுதூரம் நீட்டிக்கொண்டிருக்கும் கல் சஜ்ஜாக்கள் உச்சி வெயிலைச் சுவரில் விழவிடாமல் தடுக்கும். கல்லில் குடைந்த ஜாலிகள் வெளிச்சத்தைச் சலித்து உள்ளே விடும். அறைக்கும் வெளி வெயிலுக்கும் இடையே ஆழமான தாழ்வாரம் இருக்கும். உள்முற்றங்கள் காற்றை மேலே இழுத்துச் செல்லும். மே மாதப் பகலில், லூ என்று அங்கே சொல்லப்படும் அனல்காற்று வீசும் வேளையில், வெளியிலிருந்து அந்தத் தாழ்வாரத்துக்குள் நுழைந்தவுடன் உடல் உணரும் மாற்றத்தை அங்கே பணியாற்றிய எவரும் மறந்திருக்க மாட்டார்கள். பேக்கர் முகலாய, ராஜபுத்திரக் கட்டடங்களிலிருந்து இவற்றை எடுத்து ஐரோப்பிய உடலின் மேல் அணிவித்தார் என்று குறை சொல்வோர் உண்டு. எடுத்தது உண்மைதான், ஆனால் எடுத்தவை வேலை செய்தன.

இந்தத் தாழ்வாரங்களைப் பற்றி எனக்குள்ள அச்சத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அருங்காட்சியகத்துக்கு ஆண்டு முழுவதும் ஒரே அளவு வெப்பமும் ஈரப்பதமும் தேவை. அதற்காக வளைவுகளுக்குக் கண்ணாடி போட்டு, தாழ்வாரங்களை மூடி, முற்றங்களுக்கு மேற்கூரை இட்டு, கட்டடம் முழுவதையும் ஒரே குளிர்சாதனப் பெட்டியாக மாற்றிவிடும் ஆசை வடிவமைப்பாளர்களுக்கு எளிதில் வரும். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். ஓவியங்கள், துணிகள், ஓலைச் சுவடிகள், செப்புத் திருமேனிகள் போன்ற மென்மையான பொருள்களுக்கு உள்புற அறைகளைத் தனித்தனியாகக் காப்பிட்டுத் தயார் செய்யலாம். திறந்த வெளியில் பல நூற்றாண்டுகள் நின்றுவந்த கற்சிற்பங்களில் உறுதியானவற்றைத் தாழ்வாரத்தை ஒட்டிய அறைகளில் வைக்கலாம். தாழ்வாரம் தாழ்வாரமாகவே, காற்று ஓடும் இடமாகவே இருக்கட்டும். மக்கள் ஓர் அறையிலிருந்து மற்றோர் அறைக்குப் போகும்போது கட்டடத்தின் தட்பவெப்பத்தை உடலால் உணர்வதும் அந்த அருங்காட்சியகத்தின் ஒரு பாடமாக அமையும்.

இப்போது நான் முதன்மையாகச் சொல்ல வந்ததற்கு வருகிறேன். ஒரு தபால் வந்தது என்று வைத்துக்கொள்வோம். அது முதலில் தபால் பிரிவில் முத்திரை வாங்கும். அங்கிருந்து உரிய பிரிவுக்குப் போய் டைரி எண் பெறும். பிரிவு என்பது ஒரு நீண்ட கூடம். சுவரோரம் இரும்பு அலமாரிகளும் கோப்புக் கட்டுகளும், நடுவே உதவியாளர்களின் மேசைகளும், எல்லோரையும் பார்க்கும் வகையில் ஒரு கோடியில் பிரிவு அலுவலரின் மேசையும் இருக்கும். உதவியாளர் கோப்பைத் திறந்து, இடப்பக்கம் பச்சைத் தாளில் குறிப்பு எழுதி, வலப்பக்கம் கடிதப் பகுதியில் தபாலைக் கோத்து, 'பி.யு.சி.' (பரிசீலனையில் உள்ள தாள்) என்று எழுதிய சீட்டை அதில் செருகி, பழைய உத்தரவுகளுக்கு ஏ, பி என்று ஆங்கில எழுத்துகள் எழுதிய கொடிச் சீட்டுகளை ஒட்டி அனுப்புவார். பிரிவு அலுவலர், சார்புச் செயலர், துணைச் செயலர், இணைச் செயலர், செயலர், அமைச்சர் என்று அந்தக் கோப்பு ஏறும். ஏறும் ஒவ்வொரு படியிலும் அறை பெரிதாகும். அறையில் இருப்பவர்களின் எண்ணிக்கை குறையும். கூடத்தில் பத்துப் பேர், அடுத்த அறையில் இருவர், அதற்கடுத்ததில் ஒருவர். தரையில் கம்பளம் வரும், மேசை அகலமாகும், பார்வையாளருக்கான நாற்காலிகள் கூடும், கதவுக்கு மேலே சிவப்பு விளக்கும், கதவுக்கு வெளியே முக்காலியும், அந்த முக்காலியில் ஒரு பியூனும் தோன்றுவார்கள். கோப்பு அவர் கையில் தாழ்வாரத்தின் வழியே நடந்து போய், அதே தாழ்வாரத்தின் வழியே கையெழுத்தோடு திரும்பி வரும்.

இந்தப் பயணம் கட்டடத்தின் மேல் எழுதப்பட்டிருக்கிறது. எந்த அறைக்கு எந்த அறை அருகில், எந்த அறையின் வாசல் தாழ்வாரத்தை நோக்கித் திறக்கிறது, எதற்கு முன்னறை உண்டு, எதற்கு இல்லை என்பதிலெல்லாம் யார் யாரைக் காண முடியும், யார் யாருக்காகக் காத்திருக்க வேண்டும் என்ற கணக்கு அடங்கியிருக்கிறது. படிநிலை என்பதைப் பற்றி நூறு பக்கம் எழுதிப் புரியவைக்க முடியாததை, பிரிவுக் கூடத்திலிருந்து அமைச்சர் அறை வரை ஒரு பதினெட்டு வயது மாணவி நடந்து பார்த்தால் பத்து நிமிடத்தில் புரிந்துகொள்வாள். அவள் அதை ஏற்கலாம், வெறுக்கலாம்; அது அவள் உரிமை. பார்ப்பதற்கு அது இருக்க வேண்டும்.

அது இருக்குமா என்பதே என் கேள்வி. அருங்காட்சியகத்துக்குப் பெரிய கூடங்கள் வேண்டும்; செயலகத்தில் இருப்பவையோ பெரும்பாலும் அலுவலக அறைகள். இடைச்சுவர்களைப் பிரித்து அறைகளை ஒன்றாக்கும் தேவை எழும் என்பது எனக்குப் புரிகிறது. பிற்காலத்தில் இடம் போதாமல் ஒட்டுப்பலகையால் தடுத்த தடுப்புகளையும், வளைவுகளில் பிதுங்கிய ஏ.சி. பெட்டிகளையும், தாழ்வாரத்து மேற்கூரையில் கொடிகளாய்த் தொங்கிய கம்பிகளையும், குரங்குகளுக்கு அஞ்சிச் சன்னல்களில் அடித்த வலைகளையும் அகற்றுவது நல்லதே. அவற்றுக்காக யாரும் வருந்தப்போவதில்லை. பேக்கர் கட்டிய சுவர்களின் மேல் கை வைப்பது வேறு. இரு கட்டடங்களும் டெல்லியின் பாரம்பரியக் கட்டடப் பட்டியலில் முதல் தரத்தில் இருப்பவை. அந்தத் தகுதி முகப்பைக் காப்பதோடு நின்றுவிடக் கூடாது. முகப்பை மட்டும் காத்து உள்ளே எல்லாவற்றையும் கூடங்களாக்கினால், நமக்கு மிஞ்சுவது ஒரு கல் உறை.

இதற்கு நல்ல முன்மாதிரி இருக்கிறது. அது உங்கள் திட்டத்துக்கு மிக அருகிலேயே இருக்கிறது. இந்த அருங்காட்சியகத்துக்காக 2024 டிசம்பரில் பிரான்ஸ் நாட்டு நிறுவனம் ஒன்றோடு ஒப்பந்தம் செய்துகொண்டீர்கள். அந்த நாட்டின் லூவ்ர் அருங்காட்சியகம் கிட்டத்தட்ட இதே மாற்றத்தைக் கடந்து வந்தது. லூவ்ர் அரண்மனையின் ரிஷ்லியூ பகுதியில் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாகப் பிரான்ஸ் நிதி அமைச்சகம் இயங்கிவந்தது. அரண்மனை முழுவதையும் அருங்காட்சியகத்துக்குத் தரப்போவதாக 1981-இல் அதிபர் மித்தரான் அறிவித்தார். அமைச்சகம் எளிதில் வெளியேறவில்லை. இடையில் ஆட்சி மாறியபோது நிதி அமைச்சர் அங்கேயே திரும்பி வந்து அமர்ந்ததும் உண்டு. கடைசியில் 1989-இல் அமைச்சகம் பெர்சி என்ற பகுதியில் கட்டிய புதிய கட்டடத்துக்கு மாறியது. 1993-இல் ரிஷ்லியூ பகுதி மக்களுக்குத் திறக்கப்பட்டது. அலுவலக அறைகள் பலவும் காட்சிக்கூடங்களாக மாறின. உள்முற்றங்களுக்குக் கண்ணாடிக் கூரை வந்தது. ஆனால் மூன்றாம் நெப்போலியன் காலத்தில் கட்டப்பட்டு, பின்னர் நிதி அமைச்சர்களின் வரவேற்பறைகளாக இருந்த அலங்கார அறைகளின் தொகுதியை அவர்கள் அப்படியே விட்டார்கள். இன்று லூவ்ருக்குப் போகிறவர்கள் தேடிப் போய்ப் பார்க்கும் பகுதிகளில் அதுவும் ஒன்று.

அந்த முன்மாதிரியில் எனக்கு ஒரு குறையும் படுகிறது. அவர்கள் காத்தது அமைச்சரின் பொன்னிற அறைகளை. எழுத்தரின் அறையை அல்ல. நாம் அதைவிட நன்றாகச் செய்யலாம். லண்டனில் நிலவறைக்குள் இருந்த போர்க்கால அமைச்சரவை அறைகளை, வரைபடங்களோடும் தொலைபேசிகளோடும் 1945-இல் விட்டுச் சென்ற நிலையிலேயே பாதுகாத்து, 1984-இல் மக்களுக்குத் திறந்தார்கள். அங்கே தட்டச்சர்களின் இடமும் காட்சிக்கு உண்டு. சிங்கப்பூரில் நகர மண்டபத்தையும் பழைய உச்ச நீதிமன்றத்தையும் இணைத்து 2015-இல் தேசியக் கலைக்கூடமாகத் திறந்தபோது, 1945 செப்டம்பரில் ஜப்பானியர் சரணடைந்த மண்டபத்தையும், நீதிமன்றத்தில் கைதிகளைக் காக்கவைத்த சிறு அறைகளையும்கூட விட்டுவைத்தார்கள். இவையெல்லாம் வேலை நடந்த இடங்கள் என்பதாலேயே மதிப்புப் பெற்றவை.

ஆகவே என் வேண்டுகோள் இது. இரண்டு கட்டடங்களில் ஒன்றில், ஒரே அமைச்சகத்தின் ஒரே கிளையைத் தேர்ந்துகொள்ளுங்கள். தபால் பிரிவு, ஒரு பிரிவுக் கூடம், சார்புச் செயலர் அறை, துணைச் செயலர் அறை, இணைச் செயலர் அறை, செயலர் அறை, அமைச்சரின் அறையும் அதன் முன்னறையும், இவற்றை இணைக்கும் தாழ்வாரம், பியூன்கள் உட்கார்ந்த முக்காலிகள், டஃப்தரிகள் (கோப்பு கட்டும் ஊழியர்கள்) கோப்புக்கு ஊசியும் நூலும் கோத்த மூலை, தேநீர் வந்த வழி ஆகியவற்றைச் சுவர் இடிக்காமல், மேசை நாற்காலி மாற்றாமல், ஒரு குறிப்பிட்ட காலத்தில் இருந்த நிலைக்குக் கொண்டுவந்து நிறுத்துங்கள். கணினியில் கோப்பு நகரத் தொடங்கியதற்கு முன்பான காலமாக அது இருக்கட்டும். இரகசியத் தடை நீங்கிய ஒரு பழைய கோப்பைத் தேசிய ஆவணக் காப்பகத்திலிருந்து எடுத்து, அதன் ஒவ்வொரு குறிப்பின் நகலையும் அது எழுதப்பட்ட அறையிலேயே வையுங்கள். மக்கள் அந்தக் கோப்போடு கூடவே நடந்து போகட்டும். ஒரு முடிவு எங்கே தயங்கியது, யார் மாற்றி எழுதினார், யார் வெறும் சுருக்கொப்பமும் தேதியும் மட்டும் இட்டு மேலே அனுப்பினார் என்பது அப்போது கண்ணுக்குத் தெரியும்.

எந்தக் கோப்பு என்பதற்குப் பஞ்சமே இல்லை. 1947-இல் நாடு பிரிக்கப்பட்டபோது, அரசின் மேசைகளும் நாற்காலிகளும் தட்டச்சு இயந்திரங்களும்கூட எண்ணிப் பங்கிடப்பட்டன. அந்தப் பங்கீட்டை முன்னின்று நடத்திய வழிகாட்டுக் குழுவில் இருந்தவர்கள் இரண்டு அதிகாரிகள்: இந்தியாவின் சார்பில் எச்.எம். படேல், பாகிஸ்தானின் சார்பில் சௌத்ரி முகமது அலி. அலி பின்னர் பாகிஸ்தானின் பிரதமரானார். படேல் 1977-இல் நிதி அமைச்சராக நார்த் பிளாக்குக்கே வந்து அமர்ந்தார். அந்த இருவரின் குறிப்புகளும் அடங்கிய ஒரு கோப்பை வைத்து மட்டுமே ஒரு முழுத் தளத்துக்கான கதையைச் சொல்ல முடியும்.

நார்த் பிளாக்கின் நிலவறையைத் தனியாகக் குறிப்பிட வேண்டும். பட்ஜெட் ஆவணங்கள் முன்பு குடியரசுத் தலைவர் மாளிகையில் அச்சாயின. 1950-இல் விவரங்கள் கசிந்ததால் மின்டோ சாலை அச்சகத்துக்கு மாறின. 1980 முதல் நார்த் பிளாக்கின் நிலவறை அச்சகத்தில் அச்சாயின. அல்வா கிளறிப் பகிர்ந்த கையோடு அச்சுப் பணியாளர்களும் அதிகாரிகளும் உள்ளே பூட்டப்பட்டு, நிதி அமைச்சர் நாடாளுமன்றத்தில் உரையை முடிக்கும் வரை வெளியுலகத் தொடர்பின்றி இருக்கும் வழக்கம் நாடறிந்தது. 2021 முதல் பட்ஜெட் காகிதமற்றதாகிவிட்டது. அந்த அச்சு இயந்திரங்களும், அவர்கள் படுத்துறங்கிய இடமும், பெரிய அல்வா வாணலியும் இருக்கும் நிலவறையைச் சரக்கு அறையாகவோ குளிர்சாதன இயந்திரங்களுக்கான அறையாகவோ ஆக்கிவிடாதீர்கள். சுதந்திர இந்தியாவின் முதல் பட்ஜெட்டை 1947 நவம்பர் 26-இல் தாக்கல் செய்த கோயம்புத்தூர்க்காரர் ஆர்.கே. சண்முகம் செட்டியார் தொடங்கி, டி.டி. கிருஷ்ணமாச்சாரி, சி. சுப்பிரமணியம், ஆர். வெங்கட்ராமன், ப. சிதம்பரம், நிர்மலா சீதாராமன் வரை அந்தப் பொறுப்பில் இருந்த தமிழர்கள் பலர். அவர்களின் உரைகள் நூலகத்தில் கிடைக்கும். அந்த உரைகளை எழுத்துக் கோத்து அச்சிட்டுக் கட்டிக் கொடுத்தவர்களின் பெயர்கள் எங்கும் கிடைக்காது.

அந்தப் பெயரற்றவர்களைப் பற்றியும் ஒரு சொல். செயலகம் கோடையில் சிம்லாவுக்கும் குளிர்காலத்தில் டெல்லிக்குமாக இடம்பெயர்ந்த பிரிட்டிஷ் காலத்திலேயே, ஆங்கிலமும் தட்டச்சும் சுருக்கெழுத்தும் கற்ற தமிழ் இளைஞர்கள் இங்கே எழுத்தர்களாக வந்து சேர்ந்தார்கள். கரோல்பாக் குடியிருப்புகளும், தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளிகளும் அவர்களின் குடும்பங்களைச் சுற்றி வளர்ந்தவை. வங்காளிகளும் பஞ்சாபிகளும் மலையாளிகளும் கட்வால் மலைப்பகுதியினரும் அவர்களோடு அடுத்தடுத்த மேசைகளில் இருந்தார்கள். இவர்களில் எண்பதையும் தொண்ணூறையும் கடந்தவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களின் நினைவுகளை அவரவர் தாய்மொழியிலேயே குரலாகப் பதிவுசெய்யும் பணியை உடனே தொடங்குங்கள். கற்சுவர் காத்திருக்கும், அவர்கள் காத்திருக்க முடியாது.

கட்டடத்தில் மறைக்கத் தோன்றும் சில பகுதிகளும் உண்டு. நார்த் பிளாக்கின் வாயிலில், சுதந்திரம் ஒரு மக்களிடம் தானாக இறங்கி வராது, மக்கள்தாம் அதற்குத் தங்களை உயர்த்திக்கொள்ள வேண்டும், அனுபவிக்கும் முன் அதை ஈட்ட வேண்டும் என்ற பொருளில் ஆங்கிலத்தில் பொறித்திருக்கிறார்கள். அடிமைப்படுத்தியவர் அடிமைக்குச் சொன்ன அறிவுரை அது. படிக்கும் எவருக்கும் சினம் வரும். இரு கட்டடங்களுக்கும் இடையே கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா ஆகிய நாடுகள் அளித்த நான்கு தூண்களும் நிற்கின்றன. இவற்றில் எதையும் அகற்றவோ மூடவோ வேண்டாம். பக்கத்திலேயே தெளிவான விளக்கம் வையுங்கள். அத்தோடு, தோல்பூரிலிருந்து மணற்கல்லை வெட்டி எடுத்தவர்களையும், அதைச் செதுக்கிய கல் தச்சர்களையும், தலையில் சுமந்து சாரம் ஏறிய ராஜஸ்தானியப் பெண்களையும், சவுத் பிளாக்கின் ஒப்பந்ததாரர் சோபா சிங் போன்றவர்களையும் பற்றிய பகுதி ஒன்றும் இருக்கட்டும். இந்தக் கட்டடங்களைப் பேக்கர் வரைந்தார், கட்டியவர்கள் இந்தியர்கள்.

படிக்கட்டுகளைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். இந்த இரு கட்டடங்களும் திடகாத்திரமான ஆண் அதிகாரிகளுக்காகக் கட்டப்பட்டவை; குன்றின் ஏற்றமும், உயர்ந்த அடித்தளமும், நீண்ட கற்படிகளும் சக்கர நாற்காலியில் வருபவரை வாசலிலேயே நிறுத்திவிடும். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-இல் வந்தது. அவர்களுக்கெனப் பின்பக்கமாக ஒரு சரக்கு வாசலை ஒதுக்கிவிடாமல், எல்லோரும் நுழையும் முதன்மை வாசலிலேயே சாய்தளமும், முற்றங்களுக்குள் மறைவாக மின்தூக்கிகளும் அமையுங்கள். பாரம்பரியக் கட்டடம் என்பதை இதற்குச் சாக்காகச் சொல்லக் கூடாது. நான் மேலே கேட்ட அலுவலக வரிசைக்குள்ளும் அவர்கள் தடையின்றிச் செல்ல முடிய வேண்டும்.

நார்த் பிளாக்கில் இருந்த உள்துறை அமைச்சகம் கர்த்தவ்ய பவன் என்ற புதிய அலுவலகக் கட்டடத்துக்கு மாறியிருக்கிறது. பிரதமர் அலுவலகத்துக்கென 'சேவா தீர்த்' என்ற பெயரில் புதிய வளாகம் எழும்பியிருக்கிறது. புதிய கட்டடங்களில் வெளிச்சமும் வசதியும் கூடுதல் என்பதை மறுக்க மாட்டேன். இட நெருக்கடி என்பது இன்று முளைத்ததும் அல்ல. இரண்டாம் உலகப் போரின்போது அவசரமாகப் போட்ட கொட்டகைகளில் பாதுகாப்புத் துறை அலுவலகங்கள் 2021 வரை இயங்கின என்பதே போதும். அந்தக் கொட்டகைகளை விட்டு ஊழியர்கள் வெளியேறியபோது, அவற்றின் உள்ளமைப்பைப் பற்றிய பதிவு எதுவும் மக்கள் பார்வைக்கு வந்ததாகத் தெரியவில்லை. அடுத்து, சுதந்திரத்துக்குப் பின் மத்தியப் பொதுப்பணித் துறையே கட்டிய கிருஷி பவன், உத்யோக் பவன், நிர்மாண் பவன், சாஸ்திரி பவன் ஆகியவை இடிபடும் வரிசையில் இருக்கின்றன. பேக்கரின் மாளிகைகளைப்போல அவை அழகானவை அல்ல என்பார்கள். ஆனால் பசுமைப் புரட்சியின் உத்தரவுகள் கிருஷி பவனிலிருந்துதான் மாநிலங்களுக்குச் சென்றன. தொழில் உரிமங்களுக்காக நாட்டின் தொழிலதிபர்கள் காத்துக் கிடந்தது உத்யோக் பவனின் தாழ்வாரங்களில்தான். புதிய நாடு தனக்கென்று கட்டிக்கொண்ட முதல் அலுவலகங்கள் அவை. இடிப்பதற்கு முன் ஒவ்வொன்றையும் தளம் தளமாக அளந்து வரைந்து, அறை அறையாகப் படமெடுத்து, எந்த அறையில் எந்தப் பிரிவு இருந்தது என்ற பட்டியலோடு தேசிய ஆவணக் காப்பகத்தில் சேர்த்துவிடுங்கள். அதற்கு ஆகும் செலவு, இடிக்கும் செலவில் ஒரு சிறு துளியாகத்தான் இருக்கும்.

நார்த் பிளாக், சவுத் பிளாக் இரண்டிலும் எந்தச் சுவர் அகற்றப்படும், எந்த அறை எதனோடு சேரும், எந்தத் தாழ்வாரம் மூடப்படும், எது திறந்திருக்கும் என்பதைக் காட்டும் வரைபடங்களை, இப்போதைய நிலையைக் காட்டும் வரைபடங்களோடு பக்கம் பக்கமாக வைத்து, வேலை முழு வேகம் எடுக்கும் முன் வெளியிடுங்கள். அரசியலமைப்பின் எட்டாம் அட்டவணையிலுள்ள எல்லா மொழிகளிலும் அதற்கான விளக்கக் குறிப்பு வரட்டும். கருத்துச் சொல்லப் போதிய கால அவகாசம் தாருங்கள். அங்கே பணியாற்றி ஓய்வுபெற்ற எல்லா நிலை ஊழியர்களையும், பியூன்களையும் டஃப்தரிகளையும் உட்பட, கட்டடக் கலைஞர்களோடு சேர்த்து அந்த அறைகளுக்குள் அழைத்துச் சென்று, எங்கே என்ன நடந்தது என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். அப்படி ஓர் அழைப்பு வந்தால், வயதைப் பாராமல் வரப் பலர் அணியமாக இருக்கிறோம்.

மிக்க மரியாதையுடன்,

மத்தியச் செயலகப் பணியிலிருந்து ஓய்வுபெற்ற ஓர் ஊழியன்